வாசலோடு விடை: மார்மன் மிஷனரிப் பயிற்சி பற்றிச் சொந்தக்காரர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மலையடிவாரத்தில், புரோவோ என்று ஓர் ஊர் இருக்கிறது. வேலை நிமித்தம் அங்கே சில ஆண்டுகள் குடியிருந்தேன். நான் மார்மன் சபையைச் சேர்ந்தவன் அல்லன். காலையில் திருநீறு பூசிக்கொண்டு அலுவலகம் போய்வந்தவன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு பையனுக்குப் பதினெட்டு வயது ஆனால் அடுத்து என்ன நடக்கும் என்பது எனக்கும் மனப்பாடம். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம், "அந்த வெள்ளைச் சட்டைப் பையன்கள் யார், சைக்கிளில் இரண்டு இரண்டு பேராகப் போகிறார்களே?" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். ஒரே பதிலைப் பலமுறை சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

மார்மன்கள் என்பவர்கள் யார்? கிறிஸ்தவர்கள்தானா?

கிறிஸ்தவர்கள் என்றுதான் அவர்கள் சொல்கிறார்கள். மூவொரு கடவுள் கொள்கையை ஏற்காததாலும், பைபிளுக்கு அப்பால் இன்னும் சில வேதங்களை வைத்திருப்பதாலும் மற்றத் திருச்சபைகள் பல அதை ஒப்புக்கொள்வதில்லை. 1830இல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கியது இந்தச் சபை. அதே ஆண்டில் 'மார்மன் புத்தகம்' அச்சாகி வெளிவந்தது. பட்டப்பெயர் அதிலிருந்து ஒட்டிக்கொண்டது. முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. 2018இல் அப்போதைய தலைவர் ரசல் நெல்சன், பட்டப்பெயரை விட்டுவிட்டு முழுப்பெயரையே சொல்லும்படி கேட்டுக்கொண்டார். அவர்கள் விருப்பம் நியாயமானது. ஆனாலும் 'மார்மன்' என்று சொல்லாவிட்டால் நம்மவர்களுக்குப் புரியாது என்பதால் இங்கே அந்தப் பெயரையே வைத்துக்கொள்கிறேன்.

எல்லாப் பிள்ளைகளும் மிஷன் போயே ஆக வேண்டுமா?

மிஷன் என்றால் சபை அனுப்பும் ஊருக்குப் போய் முழுநேரமாக மதத்தைப் பரப்பும் பணி; அந்த வெள்ளைச் சட்டைப் பையன்கள் அதற்கு வந்தவர்கள்தான். ஆண் பிள்ளைகளுக்கு அது கடமை என்று சபை சொல்கிறது, பெண்களுக்கு விருப்பம். சட்டப்படி யாரும் யாரையும் இழுத்துப் போவதில்லை. ஆனால் நம் ஊரில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பையன் கல்லூரிக்குப் போகமாட்டேன் என்றால் வீட்டில் என்ன நடக்குமோ, ஏறத்தாழ அதுதான் அங்கேயும் நடக்கும். யாரும் அடிக்கமாட்டார்கள், எல்லாரும் விசாரிப்பார்கள்.

ஆண்களுக்கு இரண்டு ஆண்டு, பெண்களுக்கு ஒன்றரை ஆண்டு. 2012 அக்டோபரில் ஆண்களின் குறைந்தபட்ச வயதை 19இலிருந்து 18ஆகவும், பெண்களுடையதை 21இலிருந்து 19ஆகவும் குறைத்தார்கள். அதற்குப் பிறகுதான் பெண்கள் பெருந்தொகையாக வரத் தொடங்கினார்கள். இருபத்தொரு வயதில் படிப்பு, கல்யாணம் என்று ஏதாவது குறுக்கே வந்துவிடும். பத்தொன்பதில் அந்தத் தொல்லை இல்லை. 2025இல் பெண்களுக்கும் 18 என்று ஆகிவிட்டது. 2024 முடிவில் உலகம் முழுவதும் 74 ஆயிரத்துக்கும் அதிகமான மிஷனரிகள் பணியில் இருந்தார்கள்.

எந்த நாடு என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பிள்ளை கேட்டு வாங்கலாமா?

கேட்க முடியாது. இதைச் சொன்னால்தான் நம்மவர்கள் அதிகம் ஆச்சரியப்படுகிறார்கள்.

முதலில் உள்ளூர்ச் சபையை நடத்தும் பிஷப்பிடம் நேர்காணல், அவருக்கு மேலே இருப்பவரிடம் இன்னொரு நேர்காணல். ஒழுக்கம், நம்பிக்கை, குடிப்பழக்கம் எல்லாவற்றையும் கேட்பார்கள். பிறகு மருத்துவச் சான்று, தடுப்பூசிகள், பல் மருத்துவரின் சான்று. தொல்லை தரக்கூடிய ஞானப்பல்லை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்வது வழக்கம். போகும் ஊரில் நல்ல பல் மருத்துவர் இருப்பார் என்று எப்படி நம்புவது? கன்னம் வீங்கிக் கிடந்த எதிர்வீட்டுப் பையனிடம், "ஞானத்தைப் பிடுங்கிவிட்டா ஞானம் சொல்லப் போகிறாய்?" என்றேன். ஆங்கிலத்திலும் அந்தப் பல்லுக்கு அதே பொருளில்தான் பெயர் என்பதால் அவனுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்ததும் வலித்தது.

விண்ணப்பம் சபையின் தலைமையகம் இருக்கும் சால்ட் லேக் சிட்டிக்குப் போகிறது. அங்கே சபையின் மூத்த தலைவர்களான பன்னிரண்டு அப்போஸ்தலர்களில் ஒருவர் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் பார்த்து இடத்தை முடிவு செய்கிறார். இறைவனின் வழிகாட்டல் என்பது அவர்கள் நம்பிக்கை. பக்கத்து மாநிலமாகவும் இருக்கலாம், மங்கோலியாவாகவும் இருக்கலாம். முன்பெல்லாம் பெரிய வெள்ளை உறையில் தபாலில் வரும். 2018 முதல் இணையத்தில் வருகிறது. வடிவம்தான் மாறியது, சடங்கு மாறவில்லை. பாட்டி, மாமா, நண்பர்கள் என்று கூடம் நிறைய ஆட்கள். சுவரில் உலக வரைபடம். ஆளுக்கொரு ஊசி குத்தி எந்த நாடு என்று ஊகம் சொல்வார்கள். எதிர்வீட்டில் நானும் பெரு நாட்டில் ஒன்று குத்தினேன். பையன் கணினியைத் திறந்து வாசித்தான்: தைவான். மொழி: மாண்டரின் சீனம். அவன் பள்ளியில் நான்கு ஆண்டுகள் ஸ்பானிஷ் படித்தவன்.

செலவை யார் கொடுக்கிறார்கள்? சம்பளம் உண்டா?

சம்பளம் கிடையாது. பிள்ளையும் பெற்றோரும்தான் பணம் கட்டுகிறார்கள். அமெரிக்காவிலிருந்து போகிறவர்களுக்கு 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர். அதற்கு முன் 400. இரண்டு ஆண்டுக்கு 12,000 டாலர். எந்த நாட்டுக்குப் போனாலும் இதே தொகைதான். ஒருவருக்கு டோக்கியோவும் இன்னொருவருக்கு பொலிவியாவும் விழுவது அவரவர் செயலன்று என்பதால், எல்லாப் பணத்தையும் பொதுவில் போட்டுப் பிரிக்கிறார்கள். முடியாத குடும்பத்துக்கு உள்ளூர்ச் சபையார் கைகொடுப்பார்கள். சிறுவயதிலேயே இதற்கென்று உண்டியலில் போட்டுவைக்கும் பிள்ளைகள் உண்டு.

பயிற்சி மையம் எங்கே இருக்கிறது?

மிகப் பெரியது புரோவோவில். பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தை ஒட்டி இருக்கிறது. பிரேசிலின் சாவோ பாலோ, மெக்சிகோ சிட்டி, மணிலா, இங்கிலாந்தின் பிரெஸ்டன், கானாவின் அக்ரா ஆகிய இடங்களிலும் மையங்கள் உண்டு. அக்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. 1978 ஜூன் வரை இந்தச் சபை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் தரவில்லை. தடை நீங்கிய பிறகுதான் மேற்கு ஆப்பிரிக்காவில் சபை வேர்விட்டது. இந்தப் பழைய கதையைக் கேட்டால் எங்கள் தெருக்காரர்கள் பலர் பேச்சை மாற்றிவிடுவார்கள்; சிலர் வெட்கத்தோடு பேசுவார்கள்.

புரோவோவில் மொழிப் பயிற்சி 1960களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து ஆரம்பமானது. இப்போதைய வளாகம் 1970களில் வந்தது. 2017இல் பெரிய கட்டடங்களைச் சேர்த்து விரிவாக்கினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் அங்கே கற்பிக்கப்படுகின்றன. கொரோனா வந்த 2020இல் மையத்தை மூடிவிட்டு எல்லாவற்றையும் இணையத்தில் நடத்தினார்கள். அதில் ஒரு பகுதி தங்கிவிட்டது: இப்போதும் பயிற்சியின் தொடக்கம் சொந்த வீட்டில், கணினி முன்பு, அதன் பிறகுதான் மையம்.

பெற்றோர் உள்ளே போய் வழியனுப்பலாமா?

முன்பு உள்ளே விட்டார்கள். ஒரு கூட்டம் நடக்கும். முடிந்ததும் குடும்பத்தார் ஒரு கதவு வழியாகவும் பிள்ளைகள் இன்னொரு கதவு வழியாகவும் வெளியேற வேண்டும். அழுகைச் சத்தம் மண்டபத்தை நிறைக்கும் என்பார்கள். இப்போது வாசலோடு சரி. கார் வந்து நிற்கும். ஏற்கெனவே பயிற்சியில் இருக்கும் ஒருவர் வரவேற்கக் காத்திருப்பார். பெட்டியை இறக்க வேண்டும், கட்டிப்பிடிக்க வேண்டும், வண்டியை எடுக்க வேண்டும். பின்னால் இன்னொரு கார் நிற்கிறது.

எதிர்வீட்டார் பெட்டி தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப்போனார்கள். அந்த அம்மாள் வழியெல்லாம் தைரியமாகப் பேசிக்கொண்டே வந்தார். மையத்தின் வாசலில் பையனின் டையை மட்டும் இரண்டு முறை சரிசெய்தார். அது முதலிலேயே சரியாகத்தான் இருந்தது. திரும்பும்போது வண்டியில் யாரும் பேசவில்லை.

உள்ளே போனதும் முதலில் என்ன நடக்கும்?

பெயர் போய்விடும். சட்டைப் பையில் கறுப்புப் பட்டை: 'எல்டர்' என்ற பட்டம், குடும்பப் பெயர், சபையின் பெயர். பெண்களுக்கு 'சிஸ்டர்'. எல்டர் என்றால் மூப்பர். மீசை சரியாக அரும்பாத பையனை மூப்பர் என்று கூப்பிடுவது எனக்குக் கடைசி வரை பழகவில்லை. ஆனால் அதில் ஒரு தந்திரம் இருக்கிறது. பதினெட்டு ஆண்டுகளாக அம்மா கூப்பிட்ட பெயரை இனி இரண்டு ஆண்டுக்கு யாரும் கூப்பிடமாட்டார்கள் என்றால், பையன் தன்னை வேறு ஆளாக நினைக்கத் தொடங்கிவிடுகிறான்.

பிறகு புத்தகங்கள், அறை, இரண்டடுக்குக் கட்டில், வகுப்பு. அன்று மாலையே வகுப்பில் பாதிப் பேச்சு புது மொழியில் நடந்தால் ஆச்சரியமில்லை.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை ஆறரைக்கு எழ வேண்டும். இரவு பத்தரைக்கு விளக்கு அணையும். நடுவே ஜெபம், படிப்பு, வகுப்பு, சாப்பாடு, மறுபடி வகுப்பு, ஒரு மணி நேரம் போல உடற்பயிற்சி. வாரத்தில் ஒரு நாள் 'ஆயத்த நாள்': துணி துவைப்பது, முடிவெட்டுவது, வீட்டுக்கு எழுதுவது எல்லாம் அன்றுதான். செவ்வாய்க்கிழமை மாலை பெரிய கூட்டம் நடக்கும்; சில வாரம் அப்போஸ்தலர்களில் ஒருவரே வந்து பேசுவார். சினிமா கிடையாது. நீச்சலும் கூடாது. முதல் சில நாட்கள் ஒவ்வொரு நாளும் ஒரு வாரம் போல இழுக்கும், பிறகு ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் போலப் பறக்கும் என்று அங்கே போய்வந்த எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்.

எப்போதும் இரண்டு பேராகவே திரிகிறார்களே, ஏன்?

இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். என் கணிப்பில், அந்த வாரங்களில் அவர்கள் கற்கும் மிகக் கடினமான பாடம் இதுதான், சீனம்கூட இரண்டாவது.

முதல் நாளே ஒரு கூட்டாளியைக் கொடுத்துவிடுவார்கள். தேர்ந்தெடுக்க முடியாது. ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். குளியலறை தவிர எங்கே போனாலும் ஒருவர் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் மற்றவர் இருக்க வேண்டும். ஒருவனுக்கு வயிற்றுக்கடுப்பு என்றால் இரண்டு பேரும் வகுப்புக்குத் தாமதம். ஒருவன் குறட்டை விட்டால் மற்றவனுக்குத் தூக்கமில்லை. பாடம் தயாரிப்பது, சொல்லிக்கொடுப்பது, ஜெபிப்பது எல்லாம் சேர்ந்துதான். இந்த இருவரைப் போலப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்தது ஒரு சிறு குழு. பகல் முழுவதும் அதே முகங்கள், அதே அறை.

நாம் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவர்கள். ஒரே பாயில் நான்கு பேர் படுத்து எழுந்தவர்கள். நமக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. பிறந்ததிலிருந்து தனியறை, தனிக் கட்டில், கதவைத் தட்டிவிட்டுத்தான் அம்மாவே உள்ளே வருவார் என்று வளர்ந்த அமெரிக்கப் பையனுக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தைவானிலிருந்து திரும்பிய பிறகு எதிர்வீட்டுப் பையன் என்னிடம் சொன்னது: பயிற்சியில் கிடைத்த கூட்டாளி சாப்பிடும்போது ஓயாமல் முனகிப் பாடுவானாம். மூன்றாம் நாள் இவனுக்குப் பைத்தியம் பிடிக்கும் போலிருந்தது. வாரம் ஒருமுறை கூட்டாளிகள் இருவரும் உட்கார்ந்து, ஒருவரிடம் மற்றவருக்குப் பிடித்தது பிடிக்காதது எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே பேச வேண்டும் என்பது வழக்கம். இவன் தயங்கித் தயங்கிப் பாட்டைச் சொன்னான். "பதற்றம் வந்தால்தான் பாடுவேன், உனக்குக் கேட்கும் என்று தெரியாது" என்றானாம் மற்றவன். பிறகு தன் பங்குக்கு, "நீ தூக்கத்தில் அழுகிறாய்" என்றானாம்.

பாதுகாப்பு, ஒழுக்கம், ஒருவர் மேல் பழி வந்தால் இன்னொருவர் சாட்சி என்று இந்த ஏற்பாட்டுக்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். ஒருவரையொருவர் வேவு பார்க்கும் ஏற்பாடு என்று விமர்சிப்பவர்களும் உண்டு. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை.

சில வாரங்களில் ஒரு மொழியைக் கற்றுவிட முடியுமா?

முடியாது. ஆனால் தப்பும் தவறுமாகப் பேசும் துணிச்சலைக் கற்றுவிட முடியும்.

தாய்மொழியிலேயே பணி என்றால் பயிற்சி ஓரிரு வாரத்தில் முடிந்துவிடும். ஸ்பானிஷ் போன்றவற்றுக்குச் சுமார் ஆறு வாரம். சீனம், ரஷ்யன், ஃபின்னிஷ் போன்ற கடின மொழிகளுக்குச் சுமார் ஒன்பது வாரம். ஆசிரியர்கள் பெரும்பாலும் அந்த நாட்டில் மிஷன் முடித்துத் திரும்பிய பல்கலைக்கழக மாணவர்கள். பகுதிநேர வேலையாக வருகிறார்கள். கற்பவனுக்கும் கற்பிப்பவனுக்கும் மூன்று நான்கு வயதுதான் வித்தியாசம்.

முறை எளிமையானது, இரக்கமற்றது. இலக்கணம் முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. முதல் வாரத்திலேயே, ஆசிரியர் ஒருவர் சபையைப் பற்றி அறிய விரும்பும் ஆளாக நடிப்பார். பையன்கள் இருவரும் அவரிடம் போய்ப் புது மொழியில் பாடம் சொல்ல வேண்டும். தெரிந்தது முப்பது சொல். அவர் கேட்கும் கேள்வி புரியாது. வியர்க்கும். வெளியே வந்து இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள், அல்லது அழுவார்கள். மறுநாள் மறுபடியும். அந்த மொழி பேசும் ஊர்க்காரர்களும் தொண்டாக வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பதுண்டு. சாப்பாட்டு மேசையிலும் விளையாட்டுத் திடலிலும்கூடப் போகும் நாட்டின் மொழியிலேயே பேசுங்கள் என்று வற்புறுத்துவார்கள்.

சீனத்தில் ஒரே ஓசைக்குத் தொனி மாறினால் பொருள் மாறும். 'வென்' என்பதைக் கீழிறக்கிச் சொன்னால் 'கேட்க'. குழைத்துச் சொன்னால் 'முத்தமிட'. "உங்களிடம் ஒன்று கேட்கலாமா?" என்று மரியாதையாகத் தொடங்க நினைத்து வேறு எதையோ கேட்டுவைக்காத மாணவன் அரிது. பல்லியும் பள்ளியும் பட்ட பாடு நமக்குத் தெரியாதா? வெட்கத்தை முதல் மாதத்திலேயே செலவழித்துவிட வேண்டும் என்பதுதான் அந்தப் பயிற்சியின் சூட்சுமம். நான் புரோவோவில் ஆங்கிலம் பேசத் தயங்கித் தயங்கி இரண்டு ஆண்டு வீணாக்கியவன். எனக்கு அந்தப் பையன்களைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது.

வேதப் படிப்பு?

உண்டு, நிறைய. 2004இல் வந்து 2023இல் திருத்தப்பட்ட ஒரு கையேடு வகுப்பில் எப்போதும் திறந்தே இருக்கும். ஆனால் பெரும்பாலான பிள்ளைகள் சிறுவயது முதல் ஞாயிறு வகுப்பில் ஊறியவர்கள். கருத்தில் புதிதாக அதிகம் இல்லை. அதை அந்நியர் ஒருவரிடம் எப்படிச் சொல்வது, அதற்கு முன் அவர் சொல்வதை எப்படிக் காதுகொடுத்துக் கேட்பது என்பதில்தான் நேரம் போகிறது.

சாப்பாடு எப்படி?

எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம். நாள் முழுதும் நாற்காலி. விளைவை ஊகித்துக்கொள்ளுங்கள். இரண்டு வார முடிவில் இடுப்புப் பட்டையில் ஒரு துளை தள்ளிப்போகும்.

வீட்டோடு பேசலாமா? காதலி இருந்தால்?

நெடுங்காலம் ஆண்டுக்கு இரண்டே தொலைபேசி அழைப்புகள்: கிறிஸ்துமசுக்கு ஒன்று, அன்னையர் தினத்துக்கு ஒன்று. மற்றபடி கடிதம்; பிறகு மின்னஞ்சல். 2019 பிப்ரவரியிலிருந்து வாரம் ஒருமுறை, ஆயத்த நாளில், காணொளியில்கூடப் பேசலாம். பழையவர்கள் சிலர், "எங்கள் காலத்தில்..." என்று தொடங்குவார்கள். அவர்களை விடுங்கள். பிள்ளையின் முகத்தை வாரம் ஒருமுறை பார்க்கும் தாய்க்கு அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை எதிர்வீட்டில் கண்ணால் பார்த்தேன். அந்த ஒரு மணி நேரத்துக்கு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டமாட்டோம்.

காதல், சந்திப்பு எதுவும் மிஷன் முடியும் வரை கூடாது. ஊரில் காத்திருப்பதாகச் சொன்ன பெண் பாதியில் வேறொருவனைக் கட்டிக்கொள்வதாக எழுதும் கடிதம் அங்கே பிரசித்தம்; அதைப் பற்றிய கேலிக் கதைகளுக்குக் கணக்கில்லை. கேலி செய்வது வாங்காதவர்கள்தான்.

பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடலாமா?

தாராளமாக. கதவு பூட்டியிருக்காது. வீட்டு ஏக்கம், மனச்சோர்வு, உடல்நலம், நம்பிக்கையே தளர்ந்துபோவது என்று பல காரணங்களால் சிலர் திரும்புகிறார்கள். மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கடினம் எங்கே என்றால், திரும்பி வந்த பிறகு. பெரிதாக விருந்து வைத்து அனுப்பிய தெருவுக்குள் மூன்றாம் வாரமே பெட்டியோடு நுழைவது சுலபமில்லை. கல்யாணம் நின்றுபோன வீட்டை நம்மவர்கள் பார்ப்பது போலப் பார்ப்பார்கள்: கேட்கமாட்டார்கள், ஆனால் பார்ப்பார்கள். இது மாறிவருகிறது, ஆனால் மெதுவாகத்தான். அப்படித் திரும்பிய ஒரு பையன் எங்கள் வீட்டுப் பனியை அந்தக் குளிர்காலம் முழுக்கத் தள்ளிக்கொடுத்தான். ஏன் திரும்பினாய் என்று நான் கேட்கவில்லை. அதற்காகவே அவன் வந்துகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

முடித்து வந்தவர்களுக்கு என்ன லாபம்?

லாபம் என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். ஆனால் மொழி தங்கிவிடுகிறது. பிற்பாடு குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்ற மிட் ராம்னி 1960களில் பிரான்சில் மிஷனரியாக இருந்தவர். சீனாவுக்கு அமெரிக்கத் தூதராகப் போன ஜான் ஹன்ட்ஸ்மன் தைவானில் இருந்தவர். கதவைத் தட்டி ஆயிரம் முறை 'வேண்டாம்' கேட்டவனுக்கு வியாபாரமும் அரசியலும் பயமுறுத்துவதில்லை.

சென்னைக்கும் வந்திருக்கிறார்களா?

நீங்கள் நினைப்பதற்கு வெகு முன்பே. 1852 ஆகஸ்டில் சால்ட் லேக்கில் நடந்த ஒரு கூட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை உலகின் பல மூலைகளுக்கு அனுப்பினார்கள். அதில் ஸ்காட்லாந்தில் பிறந்த ரிச்சர்ட் பாலன்டைன் என்பவருக்கு இந்தியா விழுந்தது. அப்போது பதினெட்டு வயதுப் பையன்களை அனுப்பும் வழக்கம் இல்லை; மனைவி மக்களை விட்டுவிட்டுப் போகும் குடும்பஸ்தர்கள்தான். பயிற்சி மையம் இல்லை, மொழி வகுப்பு இல்லை, கையில் காசும் இல்லை. 1853இல் மதராசில் வந்து இறங்கி, ஆங்கிலத்திலேயே ஒரு பத்திரிகைகூட நடத்திப் பார்த்தார். அடுத்த ஆண்டே திரும்பிப்போனார். தமிழ் தெரியாமல் மதராசில் ஒரு வெயில் காலம். மொழி வகுப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இவரைத்தான் காட்டுவேன். பிற்காலத்தில், 1993இல், பெங்களூரைத் தலைமையிடமாக வைத்து ஒரு மிஷன் தொடங்கப்பட்டது.

வீட்டுக்கு வந்தால் என்ன கொடுப்பது?

காபியும் டீயும் வேண்டாம். 1833 முதல் அவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. மது, புகையிலையும் அதில் சேரும். டபராவை நீட்டிவிட்டு அவர்கள் நெளிவதைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பையன்கள் வந்திருக்கும்போது வீட்டில் பெண் மட்டும் தனியாக இருந்தால் உள்ளே வரமாட்டார்கள். அது அவர்களுடைய விதி, உங்களை அவமதிப்பதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் சொல்லும் மதத்தில் உங்களுக்கு விருப்பமில்லை என்றால் அதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடலாம், கேட்டுப் பழகியவர்கள். பசி மட்டும் நிச்சயம் இருக்கும். மோர் கொடுங்கள். பச்சை மிளகாயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.